துரைக்குக் காவல்

1927-இல் சென்னைப் போலீசுக்கு ஒரு விசேஷ வேலை வந்து சேர்ந்தது: எழுபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன துரையின் உயிரைக் காப்பாற்றுவது.

துரையின் பெயர் ஜேம்ஸ் நீல். மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ் படைத் தலைவர். 1857-இல் வடக்கே கலகத்தை அடக்கப் போனவர், அலகாபாத்தில் விசாரணை, வழக்கு என்று யாருடைய நேரத்தையும் வீணாக்காமல் கயிற்றைத் தயார் செய்தார். கான்பூர் பீபிகரில் ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கொன்றது கொடும்பாவம். அதை மறுப்பவன் மனிதனில்லை. ஆனால் அதற்குத் துரை கண்ட நீதியைக் கேளுங்கள். பிடிபட்டவர்களை அந்த வீட்டுக்குள் தள்ளி, தரையில் உறைந்த ரத்தத்தைத் துடைக்கச் சொன்னார். தயங்கினால் சவுக்கு. கோர்ட்டில் உத்தியோகம் பார்த்த ஒருவரை நாக்கால் நக்க வைத்தார்கள். பிறகு தூக்கு. துரை இதை ஒளிக்கவும் இல்லை. பெருமையோடு கடிதம் எழுதினார்.

இந்தப் புண்ணியவானுக்குச் சொந்த ஊரான ஏர் நகரில் சிலை வைத்தார்கள். அவர்கள் பிள்ளை, அவர்கள் பாடு. நமக்கும் ஒன்று அருளினார்கள், மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடை அருகே. மூன்று தலைமுறை அதைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய் வந்தது.

1927 ஆகஸ்டில் சிலர் ஏணியும் சுத்தியலுமாக வந்தார்கள். அன்றிலிருந்து துரைக்குக் காவல். தொண்டர்கள் அணி அணியாக வந்தார்கள், கைதானார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகளோடு வந்து சிறை போனார். ரத்தத்தை நக்க வைத்தவன் வீரன். அவன் சிலையை வேண்டாமென்றவள் குற்றவாளி. மாஜிஸ்திரேட்டின் பேனா ஒரு தடவையாவது தடுமாறியிருக்குமா?

மந்திரிகள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? இருந்தார்கள். டாக்டர் சுப்பராயன் முதல் மந்திரி. இரட்டை ஆட்சியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாராய இலாகாவும் மந்திரிகளுக்கு. கஜானாவும் போலீசும் கவர்னர் பக்கத்துக்கு. குடிக்கிறவன் காசில் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கலாம். சிலையடியில் நிற்கும் கான்ஸ்டபிளைப் பார்த்து 'நகரு' என்று சொல்ல முடியாது. இதற்குத்தான் சுயாட்சிப் பயிற்சி என்று பெயர். பயிற்சியில் நாம் தேறினோமா என்று பார்க்க நவம்பரில் சைமன் கமிஷனை அறிவித்தார்கள்: ஏழு பேர், ஏழும் வெள்ளை.

செப்டம்பரில் காந்தி வந்தார். நோக்கம் சரி, அகிம்சை தவறக்கூடாது என்றார். டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் மாநாடு இதே சென்னையில் கூடியது. முழு சுதந்திரமே லட்சியம் என்று தீர்மானமும் நிறைவேறிற்று. முப்பது கோடிப் பேரின் தேசத்தைக் காகிதத்தில் மீட்டாயிற்று. மவுண்ட் ரோட்டில் நாலு சதுர கஜம் மீளவில்லை.

1937-இல் ராஜாஜி ஆட்சி வந்ததும் நீல் சந்தடியில்லாமல் இறங்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். சாம்ராஜ்யம் சரியவில்லை. ஸ்பென்சரில் வியாபாரம் குறையவில்லை. வெயிலில் நின்ற துரைக்குக் கூரை கிடைத்ததுதான் மிச்சம். அஞ்சலையம்மாள் சிறையில் கழித்த மாதங்களை எந்த சர்க்கார் எந்தக் கணக்கில் திருப்பிக் கொடுத்தது?