அப்புச்சியின் பெருக்கல் வாய்ப்பாடு

வா சாமி, இப்படித் திண்ணையில உக்காரு. சரவணம்பட்டியில வேலைக்குச் சேரப் போறயாமா, சந்தோசம். உன்ற பீரோவ இப்பத்தான் தொறந்து பாத்தேன். சாத்தறதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஆனா நீ "போட்டுக்கத் துணியே இல்ல"ன்னு அம்மிச்சிகிட்ட அழுவறயாமா. ரெண்டுமே நெசந்தான், அதுதான் உன்ற தெறமை.

அதுல ஒரு கிளிப்பச்சைச் சட்டை தொங்குதே, மாரு நெறைய மயிலு போட்டு, அதை எதுக்கு வாங்குன? ரெண்டு வாங்குனா ஒண்ணு ஃப்ரீயா? நல்ல காரியம். அந்தச் சட்டைக்குன்னு ஒரு வெள்ளப் பேண்ட்டு, அந்தப் பேண்ட்டுக்குன்னு ஒரு ஷூ. ஓசியில வந்தது மூவாயிரம் ரூவாயத் தின்னுபோட்டு, எந்த ஊட்டுலயும் ஒத்துப்போகாத மாப்பிள்ளையாட்டம் தனியா நிக்குது.

நீ கம்ப்யூட்டரு படிச்சவன், நான் அஞ்சாப்பு. ஒரு பெருக்கல் சொல்றேன், தப்புன்னா திருத்து. சட்டை 5, பேண்ட்டு 3. எந்தச் சட்டைய எடுத்தாலும் எந்தப் பேண்ட்டோடயும் சேரோணும். ஆக 15 சோடி. வாரத்துக்கு 5 நாள் ஆபீசுன்னா மூணு வாரத்துக்குப் போட்ட சோடி திரும்பி வராது. உன்ற பீரோவுல முப்பது சட்டை கெடக்குது. சேர்ற சோடி எத்தனைன்னு நீயே எண்ணிச் சொல்லு, நான் அதுக்குள்ள வெத்தல போட்டு முடிச்சர்றேன்.

பேண்ட்டு கருநீலம், சாம்பல், காக்கி. சட்டை வெள்ளை, வெளிர்நீலம், சன்னக் கோடு போட்டது, இப்படி அடக்கமாப் பாத்து எடு. "சலிச்சுப் போயிரும் அப்புச்சி"ங்கறயா? சலிக்கட்டும். சட்டையப் பாத்துச் சம்பளம் குடுக்கற எடமா இருந்தா அந்த வேலையே வேண்டா. ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள்ள நின்னுக்கலாம், நிழலும் இருக்கும்.

போன தை மாசக் கல்யாணத்துக்கு 6,000 ரூவாயில ஒரு ஜிகுஜிகு கோட்டு எடுத்தயே. ரெண்டு தாட்டி போட்ட. தாட்டிக்கு 3,000. வாரம் ஒருக்கா ரெண்டு வருசம் போடற பேண்ட்டு 1,200 ரூவான்னா, 104 தாட்டி, ஒரு தாட்டிக்குப் பன்னெண்டு ரூவாகூட ஆகல. இதுல எது வெல ஒசத்தின்னு எனக்குத் தெரியல, படிச்சவன் நீ சொல்லு. கல்யாணத்துக்கு வேட்டி கட்டு போதும். வெள்ளச் சட்டை ஏற்கெனவே இருக்குது. ஆபீசு கேண்டீன்ல தின்னு ஊதிப்போனாலும் வேட்டி ஒண்ணும் கேக்காது.

சரி, எங்க வாங்கறது? திருப்பூர் ரயிலடியத் தாண்டுனா காதர்பேட்டை. வெளிநாட்டு ஆர்டருக்குச் சேதாரம் போவும்னு கொஞ்சம் கூடவே வெட்டித் தைப்பாங்க. மிஞ்சுனதும், கப்பலுக்குப் பிந்துனதும், கலரு ஒரு நூலு மாறுச்சுன்னு வேண்டாம்னதும் லேபிளக் கத்திரிச்சு அங்க குமியும். லேபிளு இருந்தாத்தான் துணின்னு நெனைக்கறவங்க போகாத எடம், அதனால நமக்கு வசதி.

ஆனா கண்ண மூடிக்கிட்டு அள்ளாத. டீ-சர்ட்ட எடுத்தா மொதல்ல உள்பக்கம் வெளிய வர்றாப்புலத் திருப்பு. தையல் ஓரத்துல நூலு பிசிறித் தொங்குதான்னு பாரு. அப்பறம் தோளப் புடிச்சுத் தொங்கவிடு: அக்குள்ல தொடங்குன பக்கத்தையல் நேரா அடிமடிப்புக்கு எறங்கோணும். இப்பவே முன்பக்கம் சாயுதுன்னா, ரெண்டு தண்ணியில அது உன்ற தொப்புளுக்கே வந்து நிக்கும். பொறவு வெளிச்சத்துக்கு நேராப் புடி. கை வெரலு ஒண்ணொண்ணா எண்ண முடிஞ்சா அது பனியனு, சட்டையில்ல. கடக்காரன் ஜிஎஸ்எம் 180ம்பான். ஒரு சதுர மீட்டரு துணி 180 கிராமுங்கறது கணக்கு. வாய்க்கு ஜிஎஸ்எம் கெடையாது, நீ துணியத் தொட்டுப் பாரு. கழுத்துப்பட்டிய இழுத்து விட்டா பழையபடி சுருங்கோணும். கருப்பு, செவப்புன்னா ஈரக் கைக்குட்டையில ஒரு தேய். கைக்குட்டைக்குக் கலரு வந்தா வெச்சுட்டு நட.

பேண்ட்டுத் துணி வேணும்னா ஈரோட்டுக் கனி மார்க்கெட்டு, திங்கக்கெழம சாயங்காலம் புடிச்சு செவ்வா வரைக்கும் சந்தை. ஆடித் தள்ளுபடியப் பத்திக் கேக்காத. கல்யாணங்காச்சி இல்லாத மாசத்துல அவன் தீபாவளிச் சரக்குக்கு எடம் பண்றான். உனக்கு வேணுங்கறது அந்தக் குமியல்ல இருந்தா எடு, குமியல் இருக்குதேன்னு எடுக்காத.

இன்னொண்ணு, நல்ல டைலர் ஒருத்தரப் புடிச்சு வெச்சுக்க. தொளதொளன்னு கெடக்கற சட்டைய ரெண்டு பக்கமும் ஒரு வெரக்கட புடிச்சா, விலை கூடுன சட்டைன்னு ஊரு நம்பும். காலரு மடிப்புல நஞ்சுபோனா நாங்க வீசமாட்டோம்; பிரிச்சு, பொறட்டித் தைக்கச் சொல்லுவோம், நஞ்ச பக்கம் அடியில போயிரும். உங்கொப்பன் பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்ததே பொறட்டுன காலருதான். உங்கம்மாளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, நீயும் சொல்லிப்போடாத.

ஞாயித்துக்கெழம காதர்பேட்டைக்குத்தான போற? அப்படியே எனக்கும் 95 சைஸுல கை வெச்ச பனியன் மூணு எடுத்துட்டு வா. யோசனைக்கெல்லாம் காசு வாங்கற ஆளில்ல நானு, பனியனோட நிறுத்திக்கறேன்.