கட்டிப்போட்ட ஆடு மட்டும் கேட்டது

வா கண்ணு, இப்படி உட்காரு. ஒகேனக்கல்லைப் பத்தி எழுதினதை நேத்து சாயங்காலம் திண்ணையில படிச்சுக் காட்டினியே, அருமைடா. பக்கத்து வூட்டு ஆயா மூணாவது வரியிலேயே, அடுப்புல களி இருக்குன்னு எழுந்து போயிடுச்சு. எதிர்வூட்டு மாமா மாடு கறக்க நேரமாச்சுன்னார். அவர் மாட்டை வித்து ரெண்டு வருசம் ஆவுது. கடைசி வரைக்கும் கேட்டது நம்ம ஆடு ஒண்ணுதான். அதையும் கட்டிப்போட்டிருந்தோம்.

கோவிச்சுக்காதே. நீ பெரிய படிப்பு படிச்சவன். அதான் ஆதிமனுசன் ஆத்தோரம் குடியேறினதுல ஆரம்பிக்கிற. அந்த ஆதிமனுசன் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிச்சு, எறங்கி, பரிசல்ல கால் வைக்கிறதுக்குள்ள கேக்கிறவனுக்குப் பல்லு கொட்டிடும். எண்ணெய் தேய்ச்சு விடுறவர் கை முதுகுல படார்னு விழுமே, அங்க ஆரம்பி. மீன் பொரியுற வாசனையைச் சொல்லு. காவிரி எங்கயும் ஓடிப் போவாது, பின்னாடியே வந்து சேரும்.

பாரதக் கூத்துக்கு உன்னை மடியில வச்சுக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்குதா? பதினெட்டு நாள். பகல்ல பாரதம் படிக்கிறது, ராத்திரி கூத்து. அங்க உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கதை தெரியும். துரியோதனன் சாவப் போறான்னு பால்குடிக்கும் தெரியும். அப்புறம் ஏன் விடிய விடிய மண்ணுல உட்கார்ந்திருந்தாங்க?

ராசா வேசம் சட்டுனு வந்து நிக்கிறதில்லை, பார்த்துக்கோ. மொதல்ல கட்டியக்காரன் வந்து நாலு பேரைக் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பான். அப்புறம் ரெண்டு பேர் திரையைப் பிடிப்பாங்க. மேல கிரீடம் தெரியும், கீழ சலங்கைக் கால் தெரியும், மூஞ்சி மட்டும் தெரியாது. தூங்கினவனும் கண்ணைக் கசக்கிட்டு எட்டிப் பார்ப்பான். நீ என்னடான்னா மொத வரியிலேயே திரையைக் கிழிச்சு, வேசத்தைக் கலைச்சு, நடிகருக்கு டீயும் வாங்கிக் கொடுத்துடுற.

அர்ச்சுனன் தபசுல பார்த்தியா? அந்த ஒசந்த மரத்துல ஒருத்தர் ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. ஏறி முடிக்க எம்மாந்நேரம் ஆனாலும் ஒரு ஆள் நகர மாட்டாங்க. ஏன்? உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார்னு தெரியும். பிள்ளை வரம் கேட்டு வந்த பொம்பளைங்க முந்தானையை ஏந்திட்டு நிப்பாங்க. நீயும் மரம் ஏறுடா, வேணாங்கல. மடியில பழம் இருக்குதான்னு ஏறுறதுக்கு முன்னாடி தடவிப் பாரு.

அப்ப நீட்டி எழுதணுமா தாத்தான்னு கேப்ப. அதுவும் இல்லடா. நம்ம தர்மபுரி அருங்காட்சியகத்துல நடுகல்லுங்க நிக்குது, பார்த்திருக்கியா? செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு கல்லு. பல்லவன் மகேந்திரவர்மனோட 34-ஆவது ஆட்சியாண்டுல நட்டது. எருமை மந்தையைக் காக்கப் போயி கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் செத்தான். அவன் நாய் ரெண்டு திருடனுங்களைக் கடிச்சுக் காவல் காத்துச்சு. நாய் பேரு கோவிவன். அவ்வளவுதான் சங்கதி. ஆயிரத்து நானூறு வருசமாவுது; படிக்கிறவன் இன்னிக்கும் அந்த நாயைத் தடவிக் கொடுக்கலாமான்னு பார்க்கிறான். உளி பிடிச்சவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு சொட்டு வேர்வை. அதனால முன்னுரை செதுக்கல. ஆனா நாய் பேரை விடல. உனக்கு விரலால தட்டினா எழுத்து கொட்டுது. அருவியை எழுதினியே, பரிசல் ஓட்டினவர்கிட்ட ஒரு பேச்சு கேட்டியா?

இன்னொண்ணு. நம்ம தகடூர் அதியமானுக்காக அவ்வை தொண்டைமான்கிட்ட தூது போன கதை புறநானூத்துல இருக்குது. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டடியைக் காட்டிப் பீத்திக்கிட்டான். அவ்வை என்ன சொன்னா? உன் வேலெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி பளபளன்னு இருக்குது. அங்க அதியமானோடதோ குத்திக் குத்தி முனை முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுன்னா. அம்புட்டுதான். ‘ஆகையால் உனக்குப் போர்ப் பழக்கம் இல்லை என்பது இதன் மூலம் புலனாகிறது’ன்னு வால் ஒட்டல. தொண்டைமானுக்கே புரியும்னு விட்டுட்டா. நீ ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ‘ஆகையால்’ போட்டு, படிக்கிறவன் வாயில சோத்தை ஊட்டி, தாடையையும் ஆட்டி விடுற.

தலைப்பு மட்டும் நல்லாக் காரமா வச்சிருக்க. பாலக்கோடு மார்க்கெட்டுல தக்காளிப் பெட்டியைப் பார்த்திருப்ப. மேல செவச்செவன்னு அடுக்கி, அடியில சொத்தையைப் போட்டா அன்னிக்கு வித்துடும். அடுத்த சந்தைக்கு யாவாரி உன் பெட்டிகிட்ட வரமாட்டார்.

சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. உள்ள போயி ரெண்டு உருண்டை களி தின்னுட்டு, மறுபடியும் எழுது. சாயங்காலம் படிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டை அவுத்து விட்டுடு. அது நின்னு கேட்டுச்சுன்னா, தைரியமா அச்சுக்கு அனுப்பு.