ஊருக்கு நாலு ராம்

வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை. தொப்பை, சர்க்கரை மாத்திரை, வீட்டுக் கடன் மூன்றும் உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வெளியே வெறித்துப் பார்ப்பார். கண்டக்டர் "சில்லறை இருக்கா சார்?" என்று ரெண்டு தரம் கேட்ட பிறகுதான் பூமிக்கு இறங்குவார். காதுக்குள் கோவிந்த் வசந்தாவின் வயலின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

2018 அக்டோபர் வரை நம்மவர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். கோவிந்த் வசந்தா இசையில் பிரேம்குமாரின் '96' படம் வந்தது, மனிதர் கெட்டார். தியேட்டரில் பார்த்தது போதாதென்று, ஒரே மாதத்தில் தீபாவளிக்கு டிவியிலும் போட்டுவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் வேண்டாம், பொங்கலுக்குத் தள்ளிவையுங்கள் என்று நாயகி த்ரிஷாவே கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வாசலில் பிள்ளைகள் சரவெடி கொளுத்த, இவர் உள்ளே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு வெடிப் புகை என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது.

அப்படி என்னதான் அந்தப் படத்தில்? தஞ்சாவூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ராமச்சந்திரன்; வகுப்பில் பாட்டுப் பாடும் ஜானகிதேவி. இவன் நெஞ்சில் அவள் கை வைத்தால் மயங்கி விழுகிறான். கடன் தொல்லையில் இவன் குடும்பம் சென்னைக்குப் போய்விட, சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பின்னால் அவளுடைய கல்லூரி வரை போய்ச் சேதி அனுப்புகிறான். வேறு எவனோ தொந்தரவு செய்கிறான் என்று அவள் நினைத்துவிட, அப்படியே திரும்பிவிடுகிறான். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி பூராவும் பேசுகிறார்கள். அவள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகிறாள்.

ஒன்றுமே நடக்கவில்லை பார்த்தீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' பார்த்துவிட்டு "இது என் கதை" என்று சொல்ல எத்தனை பேரால் முடிந்திருக்கும்? பூணூலை அறுக்க வேண்டும், சிலுவையைக் கழற்ற வேண்டும், ஊரையே பகைத்துக்கொள்ள வேண்டும். '96'க்கு அந்தச் செலவெல்லாம் இல்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அந்தத் தகுதி நம் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. பத்தாம் வகுப்பில் பயந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்கியதை, ராமாக விஜய் சேதுபதி வந்து தவமாக்கிக் கொடுத்துவிட்டார்.

நம்மவரின் சித்தப்பாவுக்கும் இந்த வியாதி இருந்தது. அவருக்கு 1980இல் 'ஒரு தலை ராகம்', மாயவரம் ஏ.வி.சி. கல்லூரியில் எடுத்த படம். அதில் நாயகி மனசைச் சொல்ல வருவதற்குள் நாயகன் ரயிலிலேயே செத்துக் கிடப்பான். சித்தப்பா காலத்தில் பேசாத காதலன் உயிரை விட வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். முன்னேற்றம்தானே!

படம் பார்த்தவர் சும்மா இருப்பாரா? தாடி வைத்தார். பழைய வகுப்புத் தோழர்களைத் தேடிப் பிடித்து வாட்ஸப் குரூப் தொடங்கினார். பள்ளிக்கூட வேப்பமரம்தான் முகப்புப் படம். ஒன்றுகூடல் நாள் குறித்து, கல்யாண மண்டபம் பிடித்து, சாம்பாருக்கு முருங்கைக்காய் உண்டா என்பது வரை விசாரித்தார். எல்லாம் ஒருத்திக்காக. அவளும் வந்தாள்.

"நீங்க பி செக்ஷனா?" என்றாள்.

"ஏ செக்ஷன். உங்களுக்குப் பின்னாடி பெஞ்சு."

"அப்படியா? பேங்க்ல இருக்கீங்களாமே. பையன் இன்ஜினீயரிங் சேரப் போறான். எஜுகேஷன் லோனுக்கு ஈடு கேப்பாங்களா?"

"ஏழரை லட்சத்துக்கு மேல போனாத்தான்..." என்று நம்மவர் ஆரம்பித்தார். இருபத்துச் சொச்சம் வருஷம் அடைத்துக் கிடந்த தொண்டை அன்றைக்கு முக்கால் மணி நேரம் திறந்தது, மொத்தமும் வட்டி விகிதத்தைப் பற்றி. வீட்டுக்கு வந்து, "அவ கண்ணுல ஏதோ இருந்துச்சுடா" என்று சிநேகிதனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

அடுத்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அதே வயலின் கேட்டது. நம்மவர் பாக்கெட்டைத் தடவினார். சத்தம் அங்கிருந்து வரவில்லை. அவர் மனைவியின் போனிலிருந்து வந்தது.

"எங்க ஸ்கூல் குரூப்புங்க. யாரோ ஒருத்தன் இந்த மியூசிக்கைப் போட்டு, 'நீ மறந்திருக்கலாம், நான் மறக்கல'ன்னு எனக்கு எழுதியிருக்கான். நெசமாவே மறந்துபோச்சு. யாருன்னே தெரியல, பாவம்" என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

நம்மவர் தோசையைத் தட்டிலேயே விட்டார்.

"கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி இருக்கிற பொம்பளைக்கு இப்படியா எழுதுவான், பொறுக்கிப் பய! முதல்ல அந்தக் குரூப்பை விட்டு வெளியே வா!"