பதினேழு வயதுக்குட்பட்ட அணி அமைப்பது எப்படி?

முதலில் பந்தைத் தேடாதீர்கள், பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். தேசிய லீக்கில் பதினேழு வயதுக்குட்பட்ட கழக அணியை இறக்க ஆசைப்படும் மாத்தளைக்காரருக்கு முதல் ஆட்டம் பிரதேச செயலகத்து வாங்கில்தான். எல்கடுவப் பக்கத்து லயத்துப் பையன் எவ்வளவு நன்றாக உதைத்தாலும் என்ன, அவன் தகப்பன் பெயர் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பதிவேட்டில் தமிழில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கைக்கு வரும்போது பையனுக்குப் பதினெட்டு. உதவிப் பயிற்றுநர் ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது பிறந்த மாதம். பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியை வைத்துத்தான் வயது பார்ப்பார்கள். எனவே ஜனவரிப் பிள்ளைகளாகப் பொறுக்குங்கள்; டிசம்பர்ப் பிள்ளை அவர்கள் தோளுக்குத்தான் வருவான். உலகம் முழுக்கப் பயிற்றுநர்கள் இப்படியே பொறுக்கிவிட்டுத் "திறமையைப் பார்த்தோம்" என்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

மீசை முளைத்தவனைக் கோல்காப்பாளராக நிறுத்தலாம், தூரத்தில் நிற்பான். 2009இல் நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தே வயது பார்த்தது. அந்த இயந்திரம் ரத்தோட்டை ஏறி வராது. நமக்குச் சலூன் போதும்.

வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலை நம்பாதீர்கள். 1880இல் மாத்தளைக்கு வந்த தண்டவாளம் இங்கேயே நின்றுவிட்டது. கொழும்பில் காலை ஆட்டமென்றால் விடியற்காலை மூன்று மணிக்கே வேன். ஆளுக்கொரு பையில் ரொட்டியும் கட்டச்சம்பலும். சப்பாத்து மட்டும் பதினாறு பேருக்குப் பதினொரு சோடி. வெளியே வருகிறவன் கோட்டோரம் குந்திக் கழற்றுவான். உள்ளே போகிறவன் அந்தச் சூடு ஆறுமுன் காலை நுழைப்பான். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆகவே காலளவு ஒத்தவர்களை மட்டும் மாற்றி இறக்குங்கள். பார்க்கிறவர்கள் அதைத் தந்திரோபாயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

லீக் தள்ளிப்போனால் சோர வேண்டாம். 2023 ஜனவரியில் இலங்கையைத் தடைசெய்த ஃபிஃபா ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் நம் தேசிய அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் தாய்மார் அணியைக் கலைத்துவிடுவார்கள். அதற்கு என்னிடம் வழியில்லை.

வீட்டில் ஏழாம் இலக்கச் சப்பாத்து சும்மா கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். எங்கள் நடுக்களம் முழுக்க அந்த அளவுதான்.