இரண்டு ரூபாய்ச் சம்பளம்

மேனேஜர்கள் மேலே வருவது எப்படி என்று ஆராய்கிறவர்கள் நாலு குணம் சொல்வார்கள். முன்கூட்டித் திட்டமிடு, புதுத் திறமை பழகு, மூத்தவர்களிடம் யோசனை கேள், நாலு பேரைப் பழக்கம் பிடி. அருப்புக்கோட்டைப் பக்கம் நாலாவதுதான் முதலில் நடக்கும். முதலாளி வீட்டுக் காதுகுத்துக்கு முந்திப் போய் இலை போடுகிறவருக்குத் திட்டம் எதற்கு?

அதே பக்கத்துத் திருச்சுழி சுந்தரமய்யர் முறையாக ஏறியவர். பன்னிரண்டு வயதில் மாதம் 2 ரூபாய்க்குக் கணக்கு எழுதினார்; பிறகு மனு எழுதினார்; கடைசியில் பட்டமில்லாமலே வக்கீலானார். வானம் பார்த்த பூமியில் அதற்கு மேல் பதவி உயர்வு மழைக்கே கிடையாது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு, பழக்கத்துக்கும் குறைவில்லை.

மகன் வெங்கடராமன் இதில் ஒன்றும் செய்யவில்லை. 1896 ஆகஸ்டில், அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, யாரிடமும் யோசனை கேட்காமல், மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். போன இடத்தில் பேச்சையும் நிறுத்திவிட்டார். ரமண மகரிஷி என்று உலகமே தேடி வந்தது.

பின்னால் அங்கே எழும்பிய ஆசிரமத்தின் நிர்வாகம், சர்வாதிகாரி என்ற பட்டத்தோடு, யாருக்குப் போயிற்று? சொந்தத் தம்பிக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் ஐந்தாவது குணமாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.