கிழக்கே ஓடை

அக்கா மகன் மெல்போர்னில் யாரா ஆற்றங்கரையில் வீடு வாங்கிவிட்டான். வாங்கினோமா, பால் காய்ச்சினோமா என்று இல்லாமல், அந்தப் பேட்டையின் வரலாற்றை முக்கால் மணி நேரம் போனில் சொன்னான். கடைசியில், "நம்ம ஊருக்கெல்லாம் என்ன மாமா வரலாறு இருக்கு?" என்று ஒரு கேள்வி. கேட்டவன் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, ஓடை மணலில் டவுசர் கிழியச் சறுக்கி வளர்ந்தவன்.

முதலில் அவனுடைய வரலாற்றைப் பார்த்துவிடுவோம். 1835-இல் ஜான் பேட்மன் என்பவர் (முகமூடி போடாத பேட்மன்தான்) அங்கே போய் இறங்கினார். வூருண்ட்ஜெரி மக்களின் பெரியவர்களைக் கூட்டிவைத்து, சுமார் 6 லட்சம் ஏக்கரை அவர்களிடம் வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதிக்கொண்டார். கொடுத்த விலை கொஞ்சம் போர்வை, கத்தி, கத்தரிக்கோல், முகம் பார்க்கும் கண்ணாடி, மாவு. பழைய சேலைக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்கிறவர்கூட இதைவிட மனசாட்சியோடு பேரம் பேசுவார். கவர்னர் ரிச்சர்டு போர்க் அதே வருஷம் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவித்தார். அந்த மக்களை ஏமாற்றியதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். ராஜாவுக்குச் சொந்தமான நிலத்தை விற்க அவர்கள் யார், வாங்க இவர் யார் என்பதுதான் வழக்கு.

ஆற்றுக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான். ஜான் வெட்ஜ் என்ற சர்வேயர் கூட நின்ற பழங்குடியினரைக் கேட்டார். அவர்கள் தண்ணீர் பாறையில் விழுவதைப் பார்த்து 'யாரா யாரா' என்று சொன்னதை, ஆற்றின் பெயர் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். போலிப் பத்திரமும் காதில் தப்பாக விழுந்த ஒரு வார்த்தையும்தான் மூலதனம். இதற்குத்தான் முக்கால் மணி நேரம்.

எங்கள் கதைக்கு வருவோம். தெலுங்கில் 'கொண்ட' என்றால் மலை. சேர்வராயன் மலைக்கு நேர் அடிவாரத்தில் நின்றுகொண்டு மலையப்பன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை. தமிழ்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஏற்காட்டுக்கு ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகளை வைத்துக் கொண்டப்பனுக்குப் பெயர்ப் பொருத்தம் பார்த்துவிட்டார்கள்.

1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி ராஜ்யத்தை விட்டுக்கொடுத்தபோது சேலம் சீமை கும்பினியார் கைக்குப் போனது. திப்பு தோற்ற செய்தி எங்கள் ஊருக்கு என்றைக்கு வந்து சேர்ந்ததோ, இனிமேல் கந்தாயம் யாரிடம் கட்ட வேண்டும் என்பது மறுநாளே வந்து சேர்ந்திருக்கும். அலெக்சாண்டர் ரீட் என்ற கேப்டன் கலெக்டராக வந்து, நிலத்தை அளந்து, இடையில் ஜமீன் இல்லாமல் குடியானவனிடமே வரி வாங்கும் ரயத்துவாரியைத் தொடங்கி வைத்தார். வாங்குகிற கை ஒன்று குறைந்தது. கொடுக்கிற கை அதேதான்.

அடுத்து காக்பர்ன் துரை. 1820-களில் சேலம் கலெக்டர். வெயில் தாங்காமல் ஏற்காட்டைப் பார்த்து ஏறியவர், அங்கே காப்பிச் செடியை நட்டார். அதற்குப் பிறகு துரைமார்கள் குதிரையிலும், கூலியாட்கள் தோளில் வைத்த நாற்காலியிலும் மலையேறத் தொடங்கினார்கள். எங்கள் அடிவாரத்துக்கு அன்று கிடைத்த வேலை இன்றுவரை மாறவில்லை: மேலே போகிறவர்கள் மூச்சு வாங்க ஒரு இடம். அன்று நாற்காலி தூக்குகிறவர் தோள் மாற்றினார். இன்று பஸ் டிரைவர் கியர் மாற்றுகிறார்.

1917-இல் ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவரானார். 1937-இல் சென்னை மாகாண பிரதமரானதும், மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில்தான் அமல்படுத்திப் பார்த்தார். மதுவிலக்கு வந்த ஜில்லாவில் காடும் மலையும் எதற்கெல்லாம் உதவும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1935-இல், டி.ஆர். சுந்தரம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் கட்டிவிட்டார். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' இங்கிருந்து போனது. கேரளத்துக்காரர் யாரிடமாவது சொல்லி முகத்தைப் பாருங்கள். 1950-இல் 'மந்திரி குமாரி'யில் கருணாநிதி எழுதினார், எம்.ஜி.ஆர். நடித்தார். இரண்டு வருங்கால முதல்வர்கள் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கிய ரோடு இது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இன்று ஸ்டுடியோ இருந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. நுழைவு வளைவு மட்டும் ரோட்டோரம் மிச்சம். குகையும் இல்லை, 40 பேரும் இல்லை, கதவு மட்டும் இருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் காரை நிறுத்தி அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கடைசியாக வந்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவர்கள் எங்களைச் 'சென்சஸ் டவுன்' என்று எழுதிவிட்டார்கள். அதற்கு மூன்று நிபந்தனை: 5000 பேருக்குக் குறையக் கூடாது, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், வேலைக்குப் போகும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். ஆண்களை மட்டும்தான் கேட்பார்கள். கடலைக்காட்டில் குனிந்து களை வெட்டும் அம்மாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை; மகன் பைக்கில் கம்பெனிக்குப் போனால் போதும், ஊர் டவுனாகிவிடும். ஆனாலும் அது கணக்கில் மட்டும்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் பஞ்சாயத்து ஆபீஸுக்குத்தான் போக வேண்டும்.

"அதெல்லாம் சரி மாமா, ஆறு?" என்பான். ஏன், திருமணிமுத்தாறு இல்லையா? எங்கள் மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி, ஏரிகளில் தங்கி, மிச்சம் அந்த ஆற்றில் சேர்ந்து, சுகவனேஸ்வரர் கோயிலை ஒட்டிப் போய், நாமக்கல் சீமையில் காவிரியில் கலக்கிறது. மதுரை மீனாட்சியின் மூக்குத்தி முத்து இந்த ஆற்றில் எடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது இறங்கினால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். நகரத்துச் சாக்கடையும் சாயத்தண்ணீரும் சேர்ந்து, நல்ல மழை நாளில் சேலத்துக்குக் கீழே நுரை ஆளுயரத்துக்குப் பொங்கும். யாராவும் ஒரு காலத்தில் இதே கதைதான். தோல் ஷாப்புக் கழிவு ஓடிய நாளில் மெல்போர்னை 'ஸ்மெல்போர்ன்' என்று கிண்டல் செய்தார்கள். 1890-களில் பாதாளச் சாக்கடை போட்டார்கள், நாற்றம் குறைந்தது. நாங்கள் இன்னும் அவர்களுடைய முதல் பாகத்தில் இருக்கிறோம்.

இதில் வேடிக்கை, எங்கள் மலைத்தண்ணீரை இப்படிக் காவிரிக்கு அனுப்பிவிட்டு, குடிக்க அதே காவிரியை, 1934-இல் கட்டிய மேட்டூர் அணையிலிருந்து, பம்ப் வைத்துக் குழாயில் கொண்டுவருகிறோம். அது வராத நாளில் குடம் தெருவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

போனை வைத்த பிறகு பீரோவைத் திறந்து இரண்டு பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று தாத்தா காட்டை வாங்கியது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் பழுப்பேறி இருக்கிறது. அதில் சக்குபந்தி: "கிழக்கே ஓடை." இன்னொன்று, காடு மனையான பிறகு என் பெயருக்கு எழுதியது. அதே இடம்தான், "கிழக்கே 20 அடி ரோடு" என்கிறது. நடுவில் ஓடை எங்கே போனது என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை. வில்லங்கச் சான்றில் வில்லங்கமே இல்லை.

ஐப்பசியில் மலைமேல் அடித்துப் பெய்தால் தண்ணீர் தாத்தா பத்திரத்தைத்தான் படிக்கிறது. போன வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த 20 அடி ரோட்டின் வழியாகவே வந்து, கேட்டைத் தள்ளி, என் செருப்பு இரண்டையும் பக்கத்து வீட்டு உரலையும் கொண்டுபோனது. உரல் மூன்றாவது தெருவில் கிடைத்தது.

ஏற்காடு அடிவாரத்தில் மனை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோக்கர் மலையைக் காட்டும்போது மலையைப் பார்க்காதீர்கள். மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, நான்கு எல்லையையும் படியுங்கள்.