பேய்க்கு எதுக்குப் பட்டா?

தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஓடிய பேய்களிலேயே பொறுப்பான பேய் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி' (1978). தெலுங்கிலிருந்து வந்த படம் என்பதையே நம்மவர்கள் மறந்துவிட்டார்கள், அப்படியொரு ஓட்டம். அதில் மோகினி அடுப்படியில் உட்கார்ந்து, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிவிடும். கால் எரியும், உலை கொதிக்கும். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, காப்பி காயப்போடும் களத்தில் விடிய விடிய படம் பார்த்த காலம் அது. மோகினி காலை நீட்டிய இடத்தில் எங்கள் ஊர் பெரும்பாறைச் சனம் மொத்தமும் அலறியது. எங்கள் அப்பத்தா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நல்ல பிள்ளையாத்தேன் தெரியுது. சுள்ளி பொறக்கக் காட்டுக்குப் போக வேணாம்ல" என்றது.

இதில் கவனிக்க வேண்டியது, மோகினி சிரிக்கவில்லை. காலைக் கொளுத்துகிற காரியத்தை, தாசில்தார் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு செய்தது. என்னுடைய ரசனைக் கொள்கை மொத்தமும் இவ்வளவுதான். பேய்ப் படமானாலும் ஹெவி மெட்டலானாலும் செய்கிறவன் சிரிக்கக் கூடாது. எவ்வளவு அபத்தமானாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கடைசிவரை செய்ய வேண்டும். சிரிப்பது எங்கள் டிபார்ட்மென்ட். பேயே சிரித்துவிட்டால் டிக்கெட் வாங்கியவனுக்கு என்ன வேலை?

இந்தக் கொள்கையோடு நான் குடியிருக்கும் ஊர் கொடைக்கானல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரி, படகு, சாக்லேட் எல்லாம் மேலே. நாங்கள் கீழ்ப்பழனி மலை. சித்தரேவு பக்கமாக மலையேறுகிற பஸ்ஸில் வந்தால் காப்பி, மிளகு, மலைவாழை, அதற்கு நடுவில் நாங்கள். எப்போதாவது புல்லாவெளி அருவிக்கு வழி கேட்டு ஒரு கார் நிற்கும். கறுப்பு டீசர்ட்டும் நரைத்த தாடியுமாக நான் வழி சொன்னதும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பியவர்களும் உண்டு.

சாம் ரெய்மியின் 'ஈவில் டெட்' (1981) படத்தை உலகமே நடுங்கிக்கொண்டு பார்த்தது. எங்கள் ஊரில் அதைக் கிட்டத்தட்ட செய்திப் படமாகத்தான் பார்த்தோம். காட்டுக்குள் மரவீடு, மூட்டம், ராத்திரியில் இன்னதென்று தெரியாத சத்தம். இதெல்லாம் எங்களுக்கு வாசலிலேயே கிடக்கிறது. படம் முடிந்ததும் எஸ்டேட் மேஸ்திரி ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏந்தம்பி, அஞ்சு பேரு காட்டுக்குள்ள ராத் தங்க வர்றானுக. ஒரு நாயக்கூடவா கூட்டியாரல?" அந்தப் படத்தைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. 2008-ல் ராம் கோபால் வர்மா, தன் 'பூங்க்' படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அஞ்சு லட்சம் என்று அறிவித்தார். எங்கள் எஸ்டேட் வாட்ச்மேன் வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு ராத்திரியும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை.

தமிழ்ப் பேய்ப் படங்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. என் கணக்கில் அது 1985-ல் 'யார்?' படத்தில் தொடங்குகிறது. இயக்குநர் கண்ணனுக்கு இன்றுவரை 'யார்' கண்ணன் என்றே பெயர். ஊருக்குள் இதைச் சொன்னால் "யாரு கண்ணன்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள், பேச்சு மேலே நகர்வதில்லை. மலையாளத்தில் 'லிசா' எடுத்த பேபி, தமிழுக்கு வந்து 'மை டியர் லிசா' (1987), '13-ம் நம்பர் வீடு' (1990) என்று வரிசையாகக் கொடுத்தார். நடுவில் வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்' (1989). செத்தவனை மருந்து போட்டு எழுப்பிவிட்டு, பிறகு படம் முழுக்க வருத்தப்படுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ஜி.எம்.குமாரின் 'உருவம்' (1991). வெள்ளிவிழா நாயகன் மோகன், மைக்கைப் பிடித்து இவர் வாயசைத்தால் ஊரே காதலித்தது. அப்பேர்ப்பட்டவரைப் பிடித்து, முகமெல்லாம் கோரமாக்கி, பேயேற்றி உறுமவிட்டார்கள். படம் ஓடவில்லை. ஓடாததற்குக் காரணம், அந்தக் கட்டத்தில் யாரும் அவர் கையில் மைக்கைக் கொடுக்காததுதான். கொடுத்திருந்தால் தமிழின் முதல் டெத் மெட்டல் பாடகர் 1991-லேயே கிடைத்திருப்பார்.

அதற்கப்புறம் வந்ததுதான் வினை. ராகவா லாரன்ஸ் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) எடுத்தார். படங்கள் பிய்த்துக்கொண்டு ஓடின, நானும் விசிலடித்தேன், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே தமிழ்ப் பேய் கெட்டது. முதல் பாதியில் காமெடி, இரண்டாம் பாதியில் பிளாஷ்பேக். பிளாஷ்பேக்கில் தவறாமல் ஓர் அரசியல்வாதி. 'காஞ்சனா'வில் தகராறே நிலத்துக்காகத்தான். இப்போது வருகிற பேய் எதுவும் சும்மா வருவதில்லை, கையில் மனுவோடு வருகிறது. யோசித்துப் பார்த்தால் தாலுகா ஆபீஸில் முடிய வேண்டிய காரியம். பட்டா மாறுதலை ஒழுங்காக முடித்துக் கொடுத்திருந்தால் தமிழ் சினிமாவில் பாதிப் பேய்கள் எழுந்தே வந்திருக்காது. மலையில் எங்களுக்குமே பட்டாச் சிக்கல் உண்டு. அதற்காக நாங்கள் யார் உடம்பிலாவது ஏறுகிறோமா? ஜமாபந்திக்குப் போய் வரிசையில்தானே நிற்கிறோம்? 'எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்துப் பிசாசுக்கு ஒரு கோரிக்கையும் கிடையாது. அதுதான் பயம். காரணம் சொல்லாத பேய்க்கு நாம் என்ன பரிகாரம் செய்ய முடியும்?

கொடைக்கானல்காரர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'டெவில்ஸ் கிச்சன்' என்று வெள்ளைக்காரன் சாத்தானுக்குச் சமையலறையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போன பள்ளம் அங்கே இருக்கிறது. நார்வேயில் ஒரு மெட்டல் குழுவுக்கு இப்படியொரு இடம் கிடைத்திருந்தால் பத்து ஆல்பம் போட்டிருப்பார்கள். நம்மவர்கள் 1991-ல் அங்கே காதல் படம் எடுத்தார்கள், சாத்தானைக் காலிசெய்துவிட்டு 'குணா குகை' என்று போர்டு மாட்டினார்கள். 'குணா'வைக் குறை சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் அந்தக் குழியின் நிஜமான பயத்தைத் திரையில் பார்க்க 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேயே இல்லாத படம். குழிக்குள் நண்பன், மேலே இருந்து கூப்பிடுகிறார்கள், பதில் வரவில்லை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேய்ப் படத்துக்கும் ஹெவி மெட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: தாயும் பிள்ளையும். மரியோ பாவா என்ற இத்தாலிக்காரர் 1963-ல் எடுத்த பேய்ப் படம் ஆங்கிலத்தில் 'பிளாக் சப்பாத்' என்ற பெயரில் ஓடியது. பர்மிங்காமில் 'எர்த்' என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள், சனங்கள் காசு கொடுத்துப் பயப்படப் போகிற அதிசயத்தைக் கவனித்தார்கள். படத்தின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. நாள் பார்க்கிற விஷயத்தில் அவர்களும் நம்மவர்கள்தான், என்ன, கெட்ட நாளாகப் பார்த்தார்கள்.

குழு உருவாவதற்கு முன்பு நடந்த கதை ஒன்று. அதன் கிதார்காரர் டோனி அயோமிக்கு அப்போது பதினேழு வயது. தகரத் தொழிற்சாலையில் வேலை, கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் நின்றார். "போய் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வா" என்று அம்மா அனுப்பிவைத்தார். போனார். இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, விரல் தாங்குவதற்காகத் தந்திகளைத் தளர்த்தினார். தளர்த்தியதில் சத்தம் கனத்து இறங்கியது. அந்தக் கனம்தான் பிறகு ஹெவி மெட்டல். மெட்டல் கேட்கிற பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பும் பெற்றோர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். இந்த இசையே அம்மா சொல்லைத் தட்டாத ஒரு பிள்ளையால் வந்தது.

அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் அயோமி மூன்றே சுரம் வாசிக்கிறார். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்தியமம். அந்த சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஐரோப்பியர்கள் சாத்தானின் பெயரை வைத்துவிட்டு, ரொம்ப நாள் அதைத் தொடவே தயங்கினார்கள். நம்மூரில் என்ன நடந்தது? எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் சரிபாதி, முப்பத்தாறு மேளம், பிரதி மத்தியமத்துக்கே எழுதிவைத்தோம். கல்யாணி அதில் ஒன்று, கல்யாணத்திலேயே வாசிக்கிறோம். சண்முகப்ரியா இன்னொன்று, அதுவோ முருகன் பெயரிலேயே இருக்கிறது. இங்கிருந்து கூப்பிடுதூரத்தில் தாண்டிக்குடி முருகன். அவர் சந்நிதியில் நாயனக்காரர் சண்முகப்ரியாவை இழுக்கும்போது யாரும் பேயோட்டுகிறவனைத் தேடி ஓடுவதில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதே இடைவெளியை நான் என் ரூமில் கேட்டால் மட்டும், "வெளங்குமா இந்த வீடு" என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

சரி, சுரம் போகட்டும், சத்தம் கரகரவென்று இருக்கிறதே என்பார்கள். 1964-ல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் கிழித்து அந்தக் கரகரப்பைக் கண்டுபிடித்தார் என்று வரலாறு எழுதுகிறார்கள். எங்கள் ரேடியோ செட்டுக்காரர் பிளேடைத் தொட்டதே இல்லை. மழையும் வெயிலும் பட்ட குழாயைச் சவுக்கு மரத்தில் கட்டி, ஆடி வெள்ளிக்கிழமை விடியக்காலம் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டைப் போடுவார். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் முட்டித் திரும்பி வரும்போது அந்தக் குரலில் இருக்கிற கரகரப்பை எந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையரும் கொடுக்காது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் எனக்கு இரைச்சலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா. அதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லிப் பக்கம் நடக்க இருந்த கச்சேரி ரத்தாகி, மேடையை உடைத்துவிட்டார்கள் என்று செய்தி. அதனால் பதறிப்போய்க் கிளம்பினேன். கறுப்பு பேண்ட், கறுப்பு சட்டை, தாடி. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "சாமி, முன்னாடி வாங்க சாமி" என்று ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த அம்மா, "கார்த்திகையே பொறக்கலியே, அதுக்குள்ள மாலை போட்டாச்சா சாமி?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பியதில் டீசர்ட்டின் முன்பக்கம் தெரிந்துவிட்டது. அயர்ன் மெய்டனின் எட்டி: எலும்பு முகம், விரித்த தலை, கையில் ஆயுதம். அந்த அம்மா பயப்படவில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு காவல் தெய்வம்?" என்றார். "லண்டன் பக்கம்மா" என்றேன். "துடியான சாமியாத் தெரியுது" என்று எனக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தார். பெங்களூர் போய்க் கூட்டத்தில், சேற்றில் நின்று மெட்டாலிகா கேட்டதைவிட இந்த உரையாடல்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டுக்குள் மெட்டலை நுழைக்க வழி காட்டியவர்கள் சிங்கப்பூர்த் தமிழர்கள். 'ருத்ரா' என்ற குழு, 1992-லிருந்து இருக்கிறது. டெத் மெட்டல் உறுமலில் வேதாந்தம். கதிர் என்பவர் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிறார், 'பிரம்மவித்யா' என்றே 2005-ல் ஆல்பம் போட்டார்கள். அதைப் போட்டால் எங்கள் வீட்டில் எதிர்ப்பு எடுபடாது. உபநிஷத்தை நிறுத்தச் சொல்வதா? அப்பத்தா கேட்டுவிட்டு, "தம்பிக்குச் சாமி நல்லா எறங்கிருக்கு. தண்ணி கொடுத்து உக்கார வைங்கப்பா" என்றது. ஆனால் பிளாக் சப்பாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22-ல் போனபோது நான் காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வாரம் முன்புதான் பர்மிங்காமில் நாற்காலியில் அமர்ந்தபடி கடைசியாகப் பாடினார். வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்துப் பதறி, "யாருங்க? நமக்குத் தீட்டு உண்டா?" என்று கேட்டது. இருந்திருந்தால் காத்திருப்பேன்.

தோட்டத்துக்குள் வரும் காட்டுமாட்டை விரட்ட மெட்டலைப் பயன்படுத்தலாம் என்பது நானே யோசித்தது. மற்றவர்கள் வெடி போடுகிறார்கள். நான் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டு வாசலில் வைத்தேன். மொத்தமே 29 நிமிஷம், மெட்டலில் அதைவிட மூர்க்கமானது கொஞ்சம்தான். காட்டுமாடு காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அசையாமல் அசைபோட்டது. ஆல்பம் முடிந்து சத்தம் நின்றதும்தான் நிமிர்ந்து பார்த்தது. மேஸ்திரி எட்டி நின்று, "தம்பி, அது இன்னொண்ணு கேக்குது" என்றார்.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கேட்டு கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். போன வருஷத்தைவிடக் கூடத் தருகிறேன், ஆனால் ரேடியோ செட்டில் ஒரே ஒரு பிளாக் சப்பாத் பாட்டு போட வேண்டும், அதிலும் சண்முகப்ரியா மாதிரி பிரதி மத்தியமம்தான் இருக்கிறது என்று பேரம் பேசினேன். தலைவர் யோசித்தார். பணத்தை எண்ணி மேல்சட்டைப் பையில் வைத்தார்.

"போட்டுக்கிருவம்ணே. கரண்டு போயி ஜெனரேட்டர் ஓடுறப்ப போட்டுக்கிருவம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."